மாமா வண்ணம் பூசிய டிராகன்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு வருகிற முதல் கோடை இது. ஆம்பூரில் வெயில் இப்போதே கொளுத்துகிறது. உங்கள் டிராகன் கூடத்து மேசையிலேயேதான் இருக்கிறது. தினமும் துடைக்கிறேன்.

நான் மருமகளாக வந்தபோது நீங்கள் தோல் பதனிடும் டேனரியில் சாயம் கலக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தீர்கள். அங்கே மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர் விட்டுப்போன படப் புத்தகத்தைப் பார்த்து, கம்பியும் காகிதக் கூழும் கொண்டு ஒரு டிராகனைச் செய்திருந்தீர்கள். மெல்லிய தோல் துண்டுகளில் சிறகு. பலகை மேல் அதற்கென்று ஒரு மலை, ஒரு குகை. "ரிடையர் ஆன மனுஷன், சிறகு மொளச்ச பல்லிக்குப் பெயின்ட் அடிச்சிக்கினு இருக்காரு" என்று உங்கள் பிள்ளை அலுத்துக்கொள்வார்.

படத்தில் ஒரு வீரன் வாளோடு அதைக் கொல்ல நிற்பான். நீங்கள் அவனைச் செய்யவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்குது. அத ஏம்மா பேஜார் பண்ணணும்?" என்றீர்கள்.

பிறகு என் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அடுத்த வருஷமே ஒன்று பிறக்கும் என்றார்கள். நீங்களோ சில நாள் கழித்து என் அறைக் கதவருகே வந்து நின்றீர்கள். "ஏம்மா, செதிலுங்க ரொம்ப ஜாஸ்தி. ஒரு கை குடுக்கிறியா?"

செதிலுக்குக் கரும்பச்சை, ஓரத்துக்கு மஞ்சள். நாம் பேசிக்கொண்டது கம்மிதான். அழுகை வந்தால் பிரஷ்ஷைக் கீழே வைப்பேன். நீங்கள் நிமிராமல் உங்கள் பக்கத்துச் செதிலைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

ஒரு மத்தியானம் நீங்கள் தூங்கும்போது, மீந்த கூழில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டி செய்து பெரிய டிராகனின் சிறகுக்குக் கீழே வைத்தேன். எழுந்து வந்து பார்த்தீர்கள். பச்சையில் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை சேர்த்துக் குழைத்தீர்கள். "கொழந்தைக்கு எளம்பச்ச போதும்மா" என்று கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினீர்கள். அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

இப்போது ஒரு சேதி. நீங்கள் மடியில் வைத்துக் கொஞ்சிய பேத்திக்கு நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. நேற்று சிறகுக்குள் எட்டிப் பார்த்து, "இது பேரு இன்னா?" என்றாள். போன குழந்தைக்கு நாங்கள் ஒரு பேர் யோசித்து வைத்திருந்தோம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. உங்கள் பிள்ளைதான் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் பேரைச் சொல்லி, "உங்க அக்கா" என்றார். அவள் அதைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். வீடு முழுக்கக் கேட்டது. மாமா, உங்களுக்கும் கேட்டதா?

மலையின் பின்பக்கம் இன்னும் வெறும் காகிதமாகவே இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்காரப் போகிறோம். உங்கள் பிள்ளையே புது பிரஷ் வாங்கி வந்திருக்கிறார். நிறம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடித்துவிடுவோம்.

என்றும் உங்கள் மருமகள்,
வசந்தா