குறை சொல்லிவிட்டு வந்த வண்டி

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். குளிர். ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை.

லஞ்சுக்கு டப்பாவைத் திறந்து, கூடவே போனையும் திறந்தால், கார் குரூப்பில் இடி. என் செடானைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். நம்பவில்லை. கம்பெனி வெப்சைட்டில் போய்ப் பார்த்தேன். நேற்றுவரை அது நின்ற இடத்தில் இன்று ஒரு எஸ்யூவி நிற்கிறது. மூடித் திறந்து பார்த்தேன். எஸ்யூவிதான். சாப்பாடு இறங்கவில்லை.

குரூப்பில் ஒரே ஒப்பாரி. "ஓட்டறவங்களுக்குன்னு இருந்த கடைசி வண்டியும் போச்சு." அழுகிற ஆசாமிகளில் ஒருத்தராவது அதைப் புதிதாக வாங்கியதுண்டா? எல்லார் வாசலிலும் எஸ்யூவி. நானும் வாங்கவில்லைதான். ஆனால் நான் வாங்கப் போகிறவள். முகம் மாற்றிய ஃபேஸ்லிஃப்ட் மாடல் வரட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு வருஷமாக.

ஜெ.க்கு போன். "ஏங்க, போயிடுச்சுங்க."
"யாரு? உங்க சித்தப்பாவா?"
"காருங்க! நான் சொல்லிட்டே இருந்தேன்ல, அந்த செடான்."
"அடச்சே. நான் லீவு சொல்றதுக்கு எழுந்தே நின்னுட்டேன் ரீட்டா."

இப்படிப்பட்ட மனுஷனோடு பதினெட்டு வருஷம்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து நேராக ஷோரூம். தொம்மலூரிலிருந்து அங்கே போவதற்குள் பாதி ஜென்மம்.

நடுவில் புது எஸ்யூவி, விளக்கு போட்டு. பார்த்து அதிர்ந்து போனேன்.
— முகத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒற்றை லைட் பட்டை. எல்லாக் கம்பெனிக்கும் இதே பட்டை. யார் வண்டி எதுவென்று தாயாலும் சொல்ல முடியாது.
— ஹெட்லைட் கீழே பம்பரில். முதல் ஆட்டோ உரசலில் காலி.
— உள்ளே டிவி. ஏசியைக் குறைக்க அந்த டிவிக்குள் போய்த் தேட வேண்டும். ஒரு திருகு வைத்தால் குறைந்தா போவார்கள்?
— கறுப்பு பளபள பிளாஸ்டிக். ஒருமுறை தொட்டேன், ஐந்து விரலும் அப்படியே பதிந்தது.
— கையளவு சன்ரூஃப். அதற்குத்தான் ஊரே அடித்துக்கொள்கிறது.

விலை கேட்டேன். சேல்ஸ்மேன் மஞ்சுநாத், பழகினவர், மூன்று தடவை டெஸ்ட் டிரைவ் கொடுத்து ஏமாந்தவர், கால்குலேட்டரில் வரியெல்லாம் சேர்த்து ஆன்ரோடு விலை தட்டிக் காட்டினார். அப்பா அடுகோடி வீட்டை வாங்கிய விலையைவிட அதிகம். வீட்டில் மூன்று ரூம். இதில் ஐந்து சீட்.

"இதையா ஜனங்க வாங்கறாங்க?"
"வெயிட்டிங் மேடம். க்யூ."

பிறகு குரலைத் தணித்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "உங்க செடான், ஒந்தே ஒந்து யார்டுல நிக்குது மேடம். மேனுவல். வெள்ளை. இந்த ஊர்ல எந்த ஷோரூம்லயும் இனி கெடையாது."

நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தில் காட்டவில்லை. அது முக்கியம்.

நவம்பர் 13, வியாழன்

அரை நாள் லீவு. சொன்னது: பல்வலி. போனது: ஓசூர் ரோடு தாண்டி, ஷோரூம் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டு.

தூசிக்குள் நின்றது. துடைத்துவிட்டு ஆரம்பித்தேன். பெயின்ட், கதவு இடைவெளி, டயர் தேதி, ஆயில், அடிப்பக்கம். மண்டிபோட்டுப் பார்த்தேன், சல்வார் முழுக்க சேறு. ஒரு குறை இல்லை. ஸ்டார்ட் செய்து கியர் போட்டேன். வெண்ணெய். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, ஒரு யார்டில், வாட்ச்மேன் பார்க்க.

அப்புறம் மஞ்சுநாத் வந்து சேர்ந்ததும் வேலையைக் காட்டினேன். டிக்கியில் கீறல் என்றேன். டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகிவிட்டது என்றேன். பேட்டரி போய்விடும், நின்றுபோன மாடல், நாளைக்கு யார் வாங்குவார்கள் என்றேன். மஞ்சுநாத் முகம் தொங்கிவிட்டது. பாவம்தான். ஆனால் குரூப்பில் எல்லாரும் சொல்வது இதுதான்: குறை சொல்லு, எழுந்து வா, அவன் கூப்பிடுவான். டிசம்பரில் வருஷக் கடைசித் தள்ளுபடி வேறு.

"வேணாம் மஞ்சுநாத்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாளில் கூப்பிடுவார்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

கேன்டீனில் அக்கவுண்ட்ஸ் சரவணன் எதிரே வந்து உட்கார்ந்தார். ஸ்கூட்டரில் வருபவர். கார் வாங்க வேண்டுமாம், எது நல்லது என்று கேட்டார். என்னிடம் யாராவது இதைக் கேட்டால் போதும். அவர் எலுமிச்சை சாதம் ஆறிப்போகும்வரை பேசினேன். எஸ்யூவி என்பது வீங்கிப்போன வண்டி. ஆட்டோமேட்டிக் ஓட்டுவது ஓட்டுவதே இல்லை, உட்கார்ந்து வருவது. செடான், அதுவும் மேனுவல். மஞ்சுநாத்திடம் யார்டில் கடைசி ஒன்று நிற்பதையும், நான் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்ததையும், குறை சொல்லி, வேண்டாம் என்று எழுந்து வந்த கெத்தையும் சொன்னேன்.

"வண்டியில நெஜமா கொறை இருக்குதா மேடம்?"
"மண்ணாங்கட்டி. கண்ண மூடிட்டு வாங்கலாம் சரவணன்."

தலையாட்டினார். நல்ல மனுஷன். கார் பற்றி ஒரு எழவும் தெரியாது.

நவம்பர் 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை. சாமியார் பிரசங்கம் நீளம். மட்டன். மஞ்சுநாத் இன்னும் கூப்பிடவில்லை.

ஜெ.: "பணம் எடுத்து வெச்சாச்சு. போய் எடுத்துட்டு வாயேன்."
"அவன் கூப்பிடட்டும்."
"உனக்கு கார் வேணுமா, அவன ஜெயிக்கணுமா?"

எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். ரெண்டும்தான்.

நவம்பர் 17, திங்கள்

தாங்க முடியவில்லை. நானே கூப்பிட்டேன்.

"ஐயோ மேடம், ஆயித்து. சனிக்கிழமையே புக் ஆயிடுச்சு. ஃபுல் பேமென்ட். பேரமே பேசல."

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். யார் என்றேன்.

"உங்க ஆபீஸ்காரர்தான் மேடம், சரவணன் சார். வண்டியப் பாக்கவே இல்ல. ரீட்டா மேடம் பாத்துட்டாங்கல்ல, போதும்னாரு. நான் நேர்மையா சொன்னேன், டிக்கில கீறல்னு அவங்களே சொன்னாங்க சார்னு. அவர் சிரிக்கறார்! அதெல்லாம் சும்மா, கண்ண மூடிட்டு வாங்கலாம்னு சொன்னாங்கன்னு."

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் சரவணன் மைசூர்பாக் டப்பாவோடு வந்து நின்றார். "மொதல்ல உங்களுக்குத்தான் மேடம்."
"நான் அத வாங்கலாம்னு..."
அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீங்கதான் வேணாம்னு எழுந்து வந்துட்டேன்னு சொன்னீங்க..."

சொன்னேன். கெத்தாகச் சொன்னேன். மைசூர்பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

நவம்பர் 18–21

எழுத ஒன்றுமில்லை. குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். ஜெ. எதுவும் கேட்கவில்லை, அதுவே பெரிய உதவி. கேஸ் புக் செய்ய வேண்டும்.

நவம்பர் 22, சனி

காலையில் சரவணன் போன். குரல் உள்ளே போயிருந்தது.

"மேடம், இன்னிக்கு டெலிவரி. எனக்கு கிளட்ச் வராது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், மச்சான் ஆட்டோமேட்டிக்ல கார் பழகிருக்கேன், அவ்ளோதான். நீங்க மேனுவல்தான்னு சொன்னதால... கொஞ்சம் வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்து தர்றீங்களா?"

அதிர்ச்சி என்று இந்த வாரம் எத்தனை தடவைதான் எழுதுவது.

போனேன். ஏன் போனேன்? அதில் ஒரு தடவையாவது உட்காரலாம் என்றுதான், வேறு பெருந்தன்மை எதுவுமில்லை. ஷோரூமில் சம்பிரதாயம் எல்லாம் நடந்தது. பட்டுத் துணியை விலக்கினார்கள், கேக், ஆளுயர அட்டைச் சாவியோடு போட்டோ. மஞ்சுநாத் என் கண்ணைப் பார்க்கவில்லை. நாலு டயருக்கும் எலுமிச்சை. அதை நசுக்கி முதல் அடி எடுத்தது நான்.

அவர் வீடு இருக்கும் ஸ்ரீராம்புரம்வரை ஓட்டியது நான். பக்கத்தில் சரவணன், மாலை மடியில். பின்னால் அவர் மனைவி கலா, பூ வைத்து, புதுப் புடவை. ஒரு காலி ரோட்டில் மூன்றாவது கியரில் இழுத்தேன், அந்தச் சத்தம், அந்த ஸ்டியரிங்... கடவுளே.

"அக்கா, வண்டி குலுங்கவே மாட்டேங்குது!" கலா.

சந்துக்குள் விட்டு, சாவியைக் கொடுத்தேன். காபி கொடுத்தார்கள். மெட்ரோவில் திரும்பினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

விடிந்ததும் காலி மைதானம். சொல்லித் தருகிறேன் என்று நேற்று வாய் தவறி ஒத்துக்கொண்டது.

சரவணன் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், கலா பின்னால். கிளட்சை விட்டார், தூக்கிப்போட்டு ஆஃப். மறுபடி ஆஃப். ஒரு தடவை கியர் கரகரத்தபோது என் பல் கூசியது. வியர்த்துக் கொட்டிற்று அவருக்கு. எஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது எனக்கு வராது மேடம். உங்களுக்குத்தான் இது. கொடுத்த வெலைக்கே குடுத்துடறேன், எடுத்துக்கறீங்களா?"

எடுத்துக்கொள்கிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண்ணாடியில் கலா தெரிந்தாள். நேற்று வைத்த பூவை இன்னும் எடுக்கவில்லை. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கையால் நீவிக்கொண்டே இருந்தவள், அவர் கேட்டதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். "ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச மெதுவா விடுங்க."

விட்டார். வண்டி நகர்ந்தது.