ஒரு பிடி கோதுமை மா

மார்ச் 13, வியாழன்

ஹட்டன் முழுக்கத் தேடி எனக்கென்று கிடைத்தது ராணியக்காவின் அப்பக்கடை ஒன்றுதான். கோதுமை பட்டாலே என் குடல் புண்ணாகிவிடும் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். இரண்டு வருடமாக அங்கேதான் சாப்பிடுகிறேன். வயிற்றுவலி மட்டும் விடவே இல்லை.

இன்று கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டேன். அரிசிமாக் கரைசலில் அவர் கோதுமை மாவை ஒரு கை அள்ளிப் போட்டார்.

“என்னக்கா இது?”

“ஒரு பிடிதான் டீச்சர். இல்லாட்டி ஓரம் மொறுமொறுன்னு வராது.”

“கோதுமை ஆகாதுன்னு சொன்னேனே!”

“அதான் உங்களுக்கு ரொட்டியே குடுக்கிறதில்லையே.”

அவர் நடிக்கவில்லை. மூன்று வேளையும் ரொட்டி தட்டுகிற ஊரில் கோதுமை என்றால் ரொட்டி மட்டும்தான். கத்தக்கூட முடியாமல் திரும்பி வந்தேன்.

போன மாதம் கிளினிக்கில் ஒரு தாயைப் பார்த்தேன். அவள் மகளுக்கும் இதே நோய். இந்தக் கடையைக் கைகாட்டியது நான்தான். “சாமி மாதிரி வந்தீங்க டீச்சர்” என்றாள்.

சாயங்காலத்திலிருந்து இரண்டு தடவை அவள் நம்பரை எடுத்தேன். அடிக்கவில்லை. நாளைக் காலையும் அந்தப் பிள்ளை அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகும்.