ஊர்க்காசில் ஏறிய களிம்பு

தை 4, திங்கள்

பனி விலகப் பத்து மணி. மலைக்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை கையிருப்பு இன்னும் பன்னிரண்டு நாளைக்குத்தான் காணும். மலையடிவாரக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மருந்துப் பெட்டி தூக்கி வரச் சுமைகூலி சடையனுக்குச் சொல்லியாயிற்று. கூடவே காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டில். அது என் சொந்தச் செலவு, நான் சேர்க்கும் பழைய நாணயங்களைச் சுத்தம் செய்ய. பாட்டில் வரும்வரை அவற்றைத் தொடுவதாக இல்லை. எனக்கு நானே போட்ட சட்டம்: புளி கூடாது. உப்பு கூடாது. சாம்பல் கூடவே கூடாது. ஊறவை, மூங்கில் குச்சியால் நெருடு, அலசு, மறுபடி அலசு, துணியில் ஒற்று. ஒரு நாணயத்துக்கு ஒரு வாரம்.

மதியம் பூசாரி பெரியண்ணன். கையில் இலையில் மடித்த செப்புக்காசு. கோயிலில் சத்தியம் செய்கிறவன் கையில் கொடுப்பது. பொய் சொன்னால் மூன்றாம் நாள் காசு நிறம் மாறும் என்று இந்த ஊரில் நம்பிக்கை. எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கருப்பட்டித் துண்டு மாதிரி இருந்தது.

"ஏனுங்க கம்பவுண்டரே, நீங்க பழங்காசு சேக்கறவருன்னாங்க. மூஞ்சி தெரியறாப்பல பண்ணிக் குடுங்க. புதங்கிழமை சடையன் சத்தியம் பண்றானுங்க."

நம்ம சடையனா! வெள்ளையன் வீட்டில் காயவைத்த மிளகு ஒரு மூட்டை காணோமாம். பழி இவன்மேல்.

பிசுக்கு லேசில் விடவில்லை. பூசாரி குந்தியே இருந்தார். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். அரை மணியில் காசிலிருந்த காளை உருவம் பளிச்சென்று வந்தது. "அடேயப்பா!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது, மறைப்பானேன். அதற்குள் பாம்புக்கடி என்று ஒரு பெண்ணைத் தூக்கி வந்துவிட்டார்கள். காசை அலச நேரமில்லை. துணியில் துடைத்துக் கொடுத்தனுப்பினேன். கடித்தது விஷமில்லாதது. பெண்ணுக்குப் பயம்தான் அதிகம்.

தை 6, புதன்

கோயிலுக்குப் போனேன். சடையன் காசை வலது கையில் மூடிக்கொண்டு, "எம்புள்ள மேல ஆணைங்க, அந்த மிளக நான் தொடலீங்க" என்றான். குரல் நடுங்கவில்லை. காசை ஈரத்துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்தார்கள்.

சட்டைப் பொத்தான் இரண்டு தைக்க வேண்டும்.

தை 8, வெள்ளி

பெட்டியைத் திறந்தார்கள். காசு முழுக்கப் பச்சைப் புள்ளி. காளையின் முகமே தெரியவில்லை. சடையன் காசைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான்.

ஊர்த் தீர்ப்பு: இனி அவன் வீட்டுத் தண்ணீர், நெருப்பு யாரும் தொடக்கூடாது.

செம்பில் களிம்பு ஏறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. பனி, ஈரத்துணி, கை வியர்வை. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஊர் வழக்கத்தில் நமக்கென்ன என்று வந்துவிட்டேன்.

தை 9, சனி

கொயினா கணக்கு சரிபார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன். திங்கட்கிழமை. என் கையெழுத்து. "காசை அலச நேரமில்லை."

புளியும் உப்பும் ஒட்டியபடியே கொடுத்திருக்கிறேன். செம்பில் களிம்பு ஏற அது போதும்.

இருந்தாலும் நிச்சயமாகத் தெரியாமல் பேசக்கூடாது. என்னிடம் இரட்டையாக இருக்கும் செப்புக்காசு ஒன்றை எடுத்தேன். புளி, உப்பு, தேய்ப்பு. அலசவில்லை. ஈரத்துணியில் சுற்றிச் சிகரெட் டப்பாவில் போட்டு மூடினேன்.

தை 10, ஞாயிறு

கதவைத் திறந்தால் வாசலில் மருந்துப் பெட்டி. சடையன் பத்தடி தள்ளி நின்றான்.

"உள்ள வாயேன்" என்றேன்.

"வேண்டாங்க. எண்ணிப் பாத்துக்கங்க. நான் தூக்கியாந்தத நீங்க தொடுவீங்களோ என்னமோ."

ஒரு பாட்டில்கூட உடையவில்லை. வடித்த தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் வைக்கோல் இரண்டு சுற்று. நான் கேட்காமலே சுற்றியிருக்கிறான். சொல்ல வாயெடுத்தேன். டப்பாவைத் திறக்கும்வரை பொறு என்று எனக்கே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தை 11, திங்கள்

திறந்தேன். பச்சை. அதே புள்ளிகள்.

என் நாணயங்களுக்கு ஒரு வாரம், ஊர்க்காசுக்கு அரை மணி. ஒருத்தன் மானம் அந்த அரை மணியில் போயிற்று.

இதைச் சொன்னால் நாளைக்கு என் கையால் மருந்து வாங்குவார்களா? நாள் முழுக்க இதே யோசனை. வெட்கமாக இருக்கிறது. காலையில் போகிறேன், கட்டாயம்.

தை 12, செவ்வாய். காளப்பநாயக்கன்பட்டி

விடிந்ததும் பூசாரி வீடு. டப்பாவைக் காட்டி, நோட்டைப் படித்தேன். இதுவரை இதை யாருக்கும் காட்டியதில்லை. அவர் டப்பாவிலிருந்த காசை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப இதுக்கு முன்னால காசு சொன்னதெல்லாம்?"

நான் டப்பாவை மூடினேன்.

"வெள்ளிக்கெழமையே சொல்லியிருக்கலாமுங்க. சடையன் பொண்டாட்டி புள்ளயோட கருக்கல்லயே ஊர விட்டு எறங்கிட்டான். நடங்க."

இருவரும் இறங்கினோம். வண்டிப்பேட்டைப் புளியமரத்தடியில் அவர்கள் மூவரும் இருந்தார்கள். திங்கட்கிழமைப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன்.

பூசாரி சொன்னார்: "தப்பு உங்கிட்ட இல்ல சடையா. ஊட்டுக்கு வா சாமி. ஊரக் கூட்டி நானே சொல்றேன்."

சடையன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கையில ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒண்ணுமில்லப்பா. அது நான் செஞ்சது."

அவன் மனைவிதான் சொன்னாள். "வெள்ளிக்கெழமையிலிருந்து அந்தக் கையால புள்ளைக்குச் சோறூட்ட மாட்டேங்கறாருங்க. தொடக்கூட மாட்டேங்கறாருங்க."

சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து அவன் முன் வைத்தாள். சாமைச் சோறு. குழந்தை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதை எழுதும்வரை அவன் கை வைக்கவில்லை.