இன்று மதியம் தாஷ்கண்டில் உனக்கு ஆட்டம்

இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி டிங் என்றது. வாயைக் கொப்பளித்து, கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தாஷ்கண்டில் இன்று மதியம் உனக்கு ஆட்டம் இருக்கிறதாம். முத்திருளாண்டி, டென்னிஸ் இரட்டையர், முதல் சுற்று. நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது.

இப்படிச் செய்தி வருவது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இன்றைய ஆட்டம் அப்படிப்பட்டதல்ல. போன வாரம் உன் மகன் குமரேசன் போனில் சொன்னான்: "மாமா, இதுதான் கடைசி. இதுலயும் மொத ரவுண்டுல தோத்தா மட்டையத் தூக்கி வச்சிட்டு ஊருக்கு வந்து அப்பா லாரிய எடுத்துருவேன்." ஆக, இன்று தோற்றால் நீ ஓய்வு பெறுகிறாய். உயிரோடு இருந்தவரை அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிந்து விழுந்த ஆள் நீ.

இந்தக் குழப்பத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. குமரேசனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்று ஒன்றைக் கேட்டார்கள். நம் பக்கம் அப்படி எதுவும் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து உண்டு, அதோடு சரி. எந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று யோசித்தே திருச்சுழி நூலகத்தில் காலம் தள்ளியவன் நான். ஒரு மாலை முழுக்க யோசித்து, உன் பெயரைப் போடச் சொன்னேன். டென்னிஸ்காரர்களைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. பையன் முதல்முறை வெளிநாட்டில் ஆடிய அன்று, கைபேசியில் ஓடிய ஸ்கோரைப் பார்த்துவிட்டு நீ என் பக்கம் திரும்பினாய்.

"ஏலே லைப்ரரி, அடிக்கிறது அவன். என் பேரை எதுக்குலே போட்டிருக்கான்?"

நான் விளக்கினேன். எனக்குத் தெரிந்தவரை இப்படித்தான், சரியாக இல்லாமலும் இருக்கலாம் என்று வழக்கம்போல முடித்தேன். "அப்ப நாந்தான் ஆடுறேன்" என்றாய். அன்றிலிருந்து அதை மாற்றிக்கொள்ளவே இல்லை.

பையன் பாங்காக்கில் தோற்றான். மறுநாள் டீக்கடையில், "நேத்து பாங்காக்ல தோத்துட்டேம்ப்பா, கடைசி வரைக்கும் வந்துதான் தோத்தேன்" என்று கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தாய். அது எப்படியோ பரளச்சி வரை போய், உன் பங்காளி ஒருவர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். சீட்டாடி நிலத்தை விட்டுவிட்டாயோ என்று பயம் அவருக்கு. "நிலம் இருக்குய்யா. சர்வீஸுதான் போச்சு" என்றாய் நீ. நீ சொன்னது பந்து போடும் முறையை. அவருக்கு இன்னும் கவலை கூடியது. வண்டி என்ன கெட்டுவிட்டதா என்று கேட்டார்.

டென்னிஸ் நம் இருவருக்குமே சம்பந்தமில்லாத சங்கதி. மில் அதிகாரிகள் கிளப்பில் மண் தரை ஆடுகளம் ஒன்று இருந்தது. அதை நனைக்க உன் தண்ணி லாரியைக் கூப்பிடுவார்கள். "ஊரே குடத்தோட நிக்குது, இவனுக தரைக்குத் தாகம்ங்கிறானுக" என்று திட்டிக்கொண்டே போவாய். லாரியில் கூடவே போன பையன் பந்தைப் பார்த்தான், அதன் பின்னாலேயே போய்விட்டான். சென்னைக்குப் போனான், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்தான், தனியாக ஆடிப் பார்த்துச் சரிவராமல் இரட்டையர் ஆட்டத்துக்கு மாறினான். இரட்டையர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் யாரும் காட்டுவதில்லை. நமக்குக் கிடைத்தது கைபேசியில் மாறுகிற எண்கள் மட்டும்தான். பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தால் அந்தப் பக்கம் பந்து போடுகிறது என்று அர்த்தம். அந்தப் புள்ளியை நம்பித்தான் நாம் இருந்தோம்.

நூலகத்தில் யாரும் எடுக்காத ஒரு விளையாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து உனக்கு விதிகளைச் சொன்னேன். பதினைந்து, முப்பது, நாற்பது என்றதும் நீ நிறுத்தினாய்.

"நாப்பத்தஞ்சுதானலே வரணும்?"

"நாப்பதுதான்."

"அஞ்சு எங்க போச்சு?"

தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். எதையும் உன்னிடம் உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசிவரை நீ அந்த ஐந்தை மறக்கவில்லை. பையன் நாற்பதில் நின்று தோற்கும்போதெல்லாம், "அந்த அஞ்சைக் குடுத்திருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்பாய்.

நாம் ஆட்டம் பார்த்த இடம் உன் லாரியின் முன்பகுதி. ஸ்டீயரிங் பக்கம் நீ, இடது பக்கம் நான், நடுவில் பிளாஸ்டிக் பிள்ளையார்மேல் சாய்த்த கைபேசி. ஒருநாள் நான் ஒன்றுக்குப் போக இறங்கியிருந்தேன். அந்த நேரத்தில் பையன் தோற்க வேண்டிய ஆட்டத்தை ஜெயித்துவிட்டான். அத்தோடு என் விதி முடிவாகிவிட்டது.

"நீ பாத்தா வெளங்காது. இறங்குலே."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

"கீழ நின்னு சந்தேகப்படு."

அதற்குப்பின் ஒவ்வொரு முக்கியமான கட்டத்திலும் நான் இறங்கி, டேங்க்குக்குப் பின்னால், ஒழுகுகிற குழாய் பக்கம் நின்றேன். வேறு எங்கு நின்றாலும் பலிக்காது என்று நீதான் கண்டுபிடித்தாய். செருப்பெல்லாம் நனையும். ஜெயித்தால் நீட்டி ஒரு ஹாரன் அடிப்பாய். "ஏறுலே, ஜெயிச்சிட்டேன்!" என்று கத்துவாய். தோற்றால் சத்தமே வராது. நானாகப் புரிந்துகொண்டு ஏறிக்கொள்வேன். இத்தனை வருடத்தில் குமரேசன் ஜெயித்த கடைசிப் புள்ளி எதையும் நான் பார்த்ததில்லை.

ஒரே ஒருமுறை அவனை நேரில் பார்க்கச் சென்னைக்குப் போனோம். நான் குடை, தண்ணீர், மாத்திரை, பஸ் டிக்கெட்டின் நகல் எல்லாம் எடுத்துக்கொண்டேன். நீ வேட்டி மட்டும் மாற்றிக்கொண்டாய். ஆடுகளத்தைச் சுற்றி அப்படி ஓர் அமைதி. நடுவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கில் ஆட்டக்காரர்கள் பெயரைப் படித்தார். வெள்ளைக்காரர். உன் பெயரை மூன்று துண்டாக உடைத்து, நடுத்துண்டில் மூச்சு வாங்கி, ஒருவழியாக முடித்தார்.

நீ எழுந்து நின்றாய். "இருக்கேன்யா!" என்றாய்.

தண்ணி லாரியில் வருடக்கணக்காகத் தெருவைக் கூப்பிட்ட குரல். ஆடுகளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். நடுவர் அமைதி காக்கும்படி ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். "என்னலே சொல்றாரு?" என்றாய். "உக்காரச் சொல்றாரு" என்றேன். "கூப்புட்டதும் அவரு, உக்காரச் சொல்றதும் அவரா?" கீழே குமரேசன் மட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். முதல் இரண்டு பந்தையும் வலையில் அடித்தான். முக்கியமான கட்டம் வந்ததும் அங்கேயும் என்னை வெளியே அனுப்பிவிட்டாய். ஒழுகும் குழாய்க்கு எங்கே போவது? கழிப்பறைப் பக்கம் ஒன்று கிடைத்தது. அங்கே நின்றேன். தோற்றோம். குழாய் சரியில்லை என்றாய்.

பிறகு குமரேசனோடு ஜோடி சேர்ந்து ஆடிய செக் நாட்டுப் பையன் கதை. இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி அமைவதுதான் எல்லாம் என்று நான் விளக்கியதுதான் தப்பு. அந்தப் பையனின் பிறந்த தேதியையும் நேரத்தையும் குமரேசனிடம் கேட்டு வாங்கச் சொன்னாய். என்ன காரணம் சொல்லிக் கேட்டானோ, வாங்கியும் அனுப்பிவிட்டான். நீ அதைக் கொண்டுபோய் ஜோசியரிடம் கொடுத்தாய். அவர் சோழியை உருட்டிவிட்டு, பொருத்தம் நன்றாக இருக்கிறது, பிள்ளை பாக்கியம்தான் கொஞ்சம் தாமதம் என்றார். நாலு மாதத்தில் அந்தப் பையன் தரவரிசையில் மேலே இருக்கிற ஒருவனோடு போய்விட்டான். கடைத்தெருவில் ஆட்கள் உன்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "விட்டுட்டுப் போயிருச்சாமே" என்று துக்கம் விசாரித்தார்கள். நீயும், "என்ன செய்ய, வேற எடம் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நீ போன பிறகு நீ ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பையன் வந்து காரியங்களை முடித்து, மொட்டைத் தலையோடு திரும்பிப் போனான். போன இடமெல்லாம் முதல் சுற்றோடு சரி. நான் வீட்டில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் தோற்கிறானோ என்று ஓர் எண்ணம் வந்தது. அது மூடத்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று குடையை எடுத்துக்கொண்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டுமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

இப்போது சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டும் லாரி, காலை நடையை முடித்துவிட்டு உன் கொட்டகையில் நின்றது. ஏறி என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். கைபேசியைப் பிள்ளையார்மேல் சாய்த்தேன். ஸ்டீயரிங் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

உன் மனைவி மோர் கொண்டுவந்தாள். எனக்குத் தங்கச்சி முறை.

"இன்னிக்கு இருக்காண்ணே?"

"இருக்கு தங்கச்சி."

"தோத்தா வந்துருவான்ல?"

"வந்துருவேன்னுதான் சொல்லியிருக்கான்."

"அப்ப தோக்கட்டும்" என்றாள். "ஒத்தையில கெடக்கேன். வந்து லாரிய ஓட்டட்டும், ஒரு பொண்ணைப் பாப்போம்."

முதல் செட் போனது. அவள் முகம் தெளிந்தது. இரண்டாவது செட்டைப் பையன் எடுத்துவிட்டான். இனிப் பத்துப் புள்ளி ஆட்டம், முதலில் பத்தைத் தொடுகிறவர்கள் ஜெயிப்பார்கள் என்று சொன்னேன். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இதுல அவன் எங்கண்ணே இருக்கான்?"

தொட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. நான் படித்தேன். "முத்திருளாண்டி."

அவள் கை சட்டென்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டது. "அது அவுக பேருல்ல?"

நீ 'நான் தோத்தேன், நான் ஜெயிச்சேன்' என்று சொன்னதையெல்லாம் உன் கிறுக்கு என்றே அவள் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். நான் மெதுவாக விளக்கினேன்.

"எல்லா ஊர்லயும் இதையா போடுவாக?"

"எல்லா ஊர்லயும். மைக்குல சத்தமாவும் சொல்லுவாங்க."

"இவன் நிப்பாட்டிட்டா?"

எனக்கு எதையும் உறுதியாகச் சொல்லிப் பழக்கமில்லை. இதை மட்டும் உறுதியாகச் சொன்னேன். "நிப்பாட்டிட்டா இந்தப் பேரு இனி எங்கயும் வராது தங்கச்சி."

அவள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். திரையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி ஏறின.

"அவுக இருந்தா இந்நேரம் என்ன செய்வாக?"

"என்னைய இறக்கி விட்டுருவான்."

"அப்ப எறங்குங்கண்ணே."

நான் இறங்கினேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மறுபக்கம் சுற்றிவந்து, உன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் கீழே நின்று, "பத்து வந்தாலும் ரெண்டு வித்தியாசம் இருக்கணும், ஒருவேளை ஒம்போதுக்கு ஒம்போதா நின்னா" என்று ஆரம்பித்தேன்.

"நம்பரு எனக்குத் தெரியும். நீங்க பின்னால போங்க."

போனேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ இருந்தபோதே மாற்றச் சொன்னேன். வலது கால் நனைந்தது. வெயில் தலையில் இறங்கியது. குடை உள்ளே இருந்தது. எடுக்கப் போனால் கெட்டுவிடுமோ என்று அப்படியே நின்றேன். சத்தமே இல்லை. இவ்வளவு நேரமாகச் சத்தம் வராவிட்டால் தோற்றுவிட்டோம் என்றுதான் அர்த்தம் என்று என்னைத் தயார்படுத்திக்கொண்டு ஒரு அடி எடுத்துவைத்தேன்.

ஹாரன் அடித்தது. உன்னைப்போல ஒன்றோடு நிற்கவில்லை. அவளுக்கு எங்கே விடுவது என்று தெரியவில்லை போல, அடித்துக்கொண்டே இருந்தாள். தெருவில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து ஓடின. எதிர்வீட்டில் யாரோ குடத்தோடு வெளியே வந்து தண்ணி லாரியா என்று பார்த்தார்கள்.

"ஏறுங்கண்ணே!" என்று கத்தினாள். "அவுக ஜெயிச்சிட்டாக!"

ஏறினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இப்ப வரமாட்டான்ல?" என்றாள்.

"இப்போதைக்கு வரமாட்டான்."

"ஆடட்டும்" என்றாள். பிறகு, "அடுத்தது என்னிக்கு?" என்றாள்.

வியாழக்கிழமை. உனக்கு இரண்டாம் சுற்று. எதிரே இருப்பவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள். நீ ஜெயிப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கணிப்பு ஒருநாளும் பலித்ததில்லை என்பது ஒன்றுதான் நம்பிக்கை. நனைந்த செருப்பை வாசலில் வெயிலில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதற்குள் காய்ந்துவிடும்.