முழங்காலுக்கு ஒரு சுருட்டு

14 ஜூலை, திங்கள்

விடாத மழை. தாராவி முழுக்கச் சேறு. இன்று தொடங்கி இந்த டைரியில் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை, இது சத்தியம். படிக்கப்போகிறவன் நான் ஒருவன்தான். அவனே நம்பமாட்டான்.

விவகாரம் இதுதான். கீழே வீடு, மேலே என் பெல்ட் பட்டறை, நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. மழை பிடித்ததிலிருந்து இரண்டு முழங்காலும் வேலைநிறுத்தம். நேற்று பாதி ஏணியில் நின்றுவிட்டேன். மைத்துனன் பொன்ராஜ் கீழேயிருந்து கை நீட்டினான். என்னைத் தாங்க அல்ல, பட்டறைச் சாவிக்கு.

"அத்தான், மேல நான் பாத்துக்கிடுதேன். நீங்க கீழ உக்காந்து ஆர்டர் போன மட்டும் எடுங்க."

கீழே உட்காருவதா? ஓடுகிற விரார் ஃபாஸ்ட் ரயிலை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியவன் நான்!

என் மனைவி செல்லம், அதாவது அவன் அக்கா, தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். முனங்காம ஏறுனியன்னா சாவி ஒங்ககிட்ட. இல்லன்னா தம்பிகிட்ட."

பார்த்துவிடுவோம்.

15, செவ்வாய்

மாட்டுங்கா. அங்கே உள்ள அக்குபங்சர் டாக்டரம்மா முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு சுருட்டு தந்தார். புகைக்க அல்ல. மாசிபத்திரி இலையைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, தாளில் சுருட்டியது. மாக்ஸா என்று பெயர். நுனியைப் பற்றவைத்து முட்டிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டுமாம். தேய்ந்தது வளராது, வலி கொஞ்சம் தணியலாம், அவ்வளவுதான் என்றார். நான் மனதுக்குள் பட்டாபிஷேகமே நடத்திவிட்டேன்.

மறக்குமுன்: தோலில் படவே கூடாது. இரண்டு விரல் தூரம். இதமான சூடு போதும், சுட்டால் உடனே விலக்கணும். ஓரிடத்தில் சில நிமிடம்தான், தோல் லேசாகச் சிவந்தால் நிறுத்தணும். சாம்பலை அடிக்கடி தட்டணும். ஜன்னல் திறந்திருக்கணும். முடிந்ததும் மணல் டப்பாவில் குத்தி, அணைந்ததா என்று பார்த்த பிறகே எழுந்திருக்கணும்.

"சுகர் இருக்கா?" என்று கேட்டார்.

"என்னப் பாத்தா சீக்காளி மாதிரியா தெரியுது, டாக்டரம்மா?"

சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் தவழ்ந்து ஏறி, பட்டறையிலேயே பற்றவைக்கப் போனேன். தீக்குச்சியை உரசப்போகும்போது கண்ணில் பட்டது சொல்யூஷன் டின். தோல் ஒட்டுகிற பசை, நெருப்பைக் கண்டால் தாவி வந்து கட்டிக்கொள்ளும். சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். தாராவியைக் காப்பாற்றியதற்கு எனக்கொரு சிலை வைக்க வேண்டும். இடம்தான் இல்லை.

16, புதன்

வீட்டு ஜன்னலோரம், முதல் பிரயோகம். புகை சயான் ஸ்டேஷன் வரை போய் சிக்னலை மறைத்து, கல்யாண் லோக்கல் ரயில் பாண்டுப்பிலேயே நின்றுவிட்டதாகக் கேள்வி. அடுத்த வீட்டு மராத்தியம்மா சுனந்தா பாய் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, காஞ்சா பீ ரஹே ஹோ க்யா?"

கஞ்சாவாம்! வாசனை அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய.

"மை நஹி, மேரா குட்னா பீதா ஹை" என்றேன். நான் இல்லை தாயே, இழுப்பது என் முழங்கால். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி போனாள்.

பொன்ராஜுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "லைன் பூரா கஞ்சா கேஸுன்னு பேச்சு, அத்தான். சரக்கெடுக்க வாரவன் என்ன நெனப்பான்?"

"மொதலாளிக்கு முட்டி சரியாயிட்டுன்னு நெனப்பான். ஏல, போ வேலையப் பாத்து."

17, வியாழன்

தூறல். வலது முட்டி பரவாயில்லை, பட்டத்து யானை நடை. இடதுதான் முரண்டு. இரண்டு விரல் தூரமெல்லாம் கோழைகளுக்கு. ஒரு விரலில் பிடித்தேன். பிறகு நகக்கண் அளவு. எரிமலையே பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அசையவில்லையே நான்!

செல்லம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஏங்க! சுடலையா ஒங்களுக்கு?"

"சுடுது. வீரன் காட்டிக்கிடமாட்டான்."

"வீரனும் சூரனும்! கொப்புளம் போட்டுட்டு, பாருங்க!"

சுருட்டைப் பிடுங்கி மணலில் குத்தினாள். கொப்புளத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "டாக்டரம்மாகிட்ட ஒங்களுக்கு சுகர் இருக்கதச் சொன்னியளா இல்லியா?"

மழை விட்டுவிட்டதா என்று கேட்டேன்.

18, வெள்ளி

ஏறிவிட்டேன்! முனகல் இல்லை. பல்லைக் கடித்தது கணக்கில் வராது. மத்தியானம் வரை பெல்ட் வெட்டினேன். பொன்ராஜ் முகம் புளித்த இட்லி மாவு. இறங்கி வந்து சக்கரவர்த்தி மாதிரி நின்றேன்.

செல்லம் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். "எடது கால் செருப்பு எங்க?"

நடு ஏணியில் கிடந்தது.

"கழண்டது தெரியலையா?"

"காணிக்கை போட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியிடம் மட்டும், "ஏல, சாவிப் பேச்ச இன்னைக்கு எடுக்காத."

19, சனி

மறுபடி மாட்டுங்கா. டாக்டரம்மா வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே லேசான வெயில். செல்லம் என் முழங்கையைப் பிடித்திருக்கிறாள், பிக்பாக்கெட்டைப் பிடித்த மாதிரி.

"உள்ள போயி கத விட்டியன்னா நானே சாவிய எடுத்துத் தம்பிகிட்ட கொடுத்துருவேன். உள்ளதச் சொன்னியன்னா சாவி ஒங்க இடுப்புலயே கெடக்கட்டும். ஏணியில ஏறும்போது நான் பின்னால நிக்கேன்."

சாவியை விடமாட்டேன். எமனே ரசீதோடு வந்தாலும் தரமாட்டேன். அதற்காக உண்மை பேச வேண்டியிருக்கிறது, அதுதான் கொடுமை.

இந்த வாரம் எழுதியதில் முக்கால்வாசி புளுகு. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்தக் கொப்புளம் வந்தபோது நான் அசையவில்லை. வீரமெல்லாம் இல்லை. அங்கே எனக்குச் சூடு, வலி ஒன்றுமே தெரியவில்லை.