சுவரோரத்துப் புல்

பிப்ரவரி 26

அன்புள்ள புரொபசருக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டாய் என்பதால் மகளிடம் தனியாக விசாரித்துக்கொள்கிறேன்.

இன்று காலை கருவிகளைப் பார்ப்பதற்காகக் கதவைத் திறந்தேன். வெளியே எதுவுமே இல்லை. மலை இல்லை, கம்பிவேலி இல்லை, நான் நின்ற படிக்கட்டின் கடைசிப் படிகூட இல்லை. எல்லாம் வெள்ளை. மேகம் என்னைத் தாண்டி அறைக்குள் போனது. மேஜை மேல் இருந்த காகிதங்களை நனைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறியது. இத்தனை வருடமாக மேகத்தைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருப்பவன் நான். அது அறைக்குள் வந்தபோது, மேலதிகாரி வந்ததுபோல் ஒதுங்கி நின்றுவிட்டேன். சமையல்காரருக்கு ஒரே சிரிப்பு. "சார், அதுக்கு டீ வேணுமான்னு கேளுங்க" என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வானிலை நிலையத்தில் என் காலம் ஜூனில் முடிகிறது. இன்னும் மூன்று வருடம் இருக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். மார்ச் கடைசியில் கீழே இறங்கும் சாமான் வண்டியில் என் பதில் போக வேண்டும். போன தடவை உன்னைக் கேட்காமல் ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன் என்று உனக்கு இன்றுவரை கோபம். அதனால் இந்த முறை கேட்கிறேன். வா என்று நீ சொன்னால் வந்துவிடுகிறேன்.

தோட்டம் எப்படி இருக்கிறது? எலுமிச்சை பூ விட்டதா? சுவரோரம் ஏதாவது தெரிகிறதா?

அன்புடன்,
மேலே இருப்பவன்

*

மார்ச் 10

அன்புள்ள வானிலையாருக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒரு விண்ணப்பம். "மேலே இருப்பவன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அவரையே நான் நம்புவதில்லை.

இங்கே காலையில் மூடாக்காக இருக்கிறது. துணியை உள்ளே எடுத்து வைத்தால் வெயில் அடிக்கிறது. திரும்பக் கொண்டுபோய்ப் போட்டால் நாலு துளி விழுந்து நின்றுவிடுகிறது. ரேடியோவில் உங்கள் ஆட்கள் "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று தினமும் சொல்கிறார்கள். அந்த ஓரிரு இடங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருநாள் எனக்குக் காட்டுங்கள். நம் வீடு அதில் ஒருமுறையும் இருந்ததில்லை.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன். கொல்லைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பர் வாரக்கணக்கில் "நாளைக்கு" என்கிறார். எலுமிச்சை பூக்கவில்லை. பீர்க்கங்கொடியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மாலை அதற்குப் பக்கத்தில் ஒரு நூல் கட்டினேன். காலையில் பார்த்தால் அந்த நூலைத் தேடிப் பிடித்து, சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. கண் இல்லாத ஒன்றுக்கு அங்கே நூல் இருப்பது எப்படித் தெரிந்தது? தொடுவுணர்வு என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இருந்தாலும் காபி ஆறும்வரை நின்று பார்த்தேன்.

சுவரோரம் கேட்டிருந்தீர்கள். அங்கே புல் மண்டிக்கிடந்தது. பக்கத்து வீட்டு டெய்லரக்கா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், இவ்வளவு புல்லு வளக்குறீங்க, மாடு வாங்கப் போறீங்களா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வேரோடு பிடுங்கிவிட்டேன். கோரைக்கு இருப்பதுபோல ஒவ்வொன்றின் அடியிலும் சின்னக் கிழங்கு. எல்லாவற்றையும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருக்கும் குப்பை மேட்டில் கொட்டியாயிற்று. இப்போது சுவரோரம் பளிச்சென்று இருக்கிறது.

மகள் விடுதியிலிருந்து வந்திருந்தாள். நம் கடிதக் கட்டைப் பார்த்துவிட்டு, "போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை வருதுன்னு கடுதாசி போட ஆரம்பிச்சீங்க. இப்ப இதுலயும் சண்டைதான். தபால் செலவு வேற" என்கிறாள்.

மூன்று வருடம் பற்றி: உங்கள் வேலை, உங்கள் முடிவு. வா என்று நான் சொன்னால்தான் வருவீர்கள் என்றால், அது வீட்டுக்கு வருவது இல்லை. சம்மன் கொடுத்து வரவழைப்பது.

இப்படிக்கு,
கீழே இருப்பவள்

*

மார்ச் 27

அன்புள்ள புரொபசருக்கு,

அது புல் இல்லை.

போன வருடம் இங்கே கோடை முடியும்போது ஒரு பெரிய இடிமழை பெய்தது. நிலையத்துக்குக் கீழே ஒரு சரிவு இருக்கிறது. நான் வந்த நாளிலிருந்து காய்ந்த புல்லைத் தவிர அங்கே எதையும் பார்த்ததில்லை. மழை விட்ட மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தேன். சரிவு முழுவதும் இளஞ்சிவப்பு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பூ, மண்ணே தெரியவில்லை. கருவிகளைப் பார்க்க மறந்துவிட்டேன். என் வேலையில் அது முதல் தடவை. சமையல்காரர் அதை இடிப்பூ என்கிறார். சரியான பெயர் எனக்குத் தெரியாது. குழாய்த் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் புல்லாகவே கிடக்குமாம். வானம் இடித்துப் பெய்தால்தான் எழுந்திருக்குமாம்.

பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரே ஒரு குறை இருந்தது. பக்கத்தில் நீ இல்லை.

போன விடுப்பில் வந்தபோது ஒரு பை நிறையக் கிழங்கு கொண்டுவந்து, நீ கல்லூரிக்குப் போன பிறகு சுவரோரம் நட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "ஆதாரம் இருக்கிறதா" என்பாய். நல்ல மழை ஒன்று பெய்யட்டும், ஒருநாள் காலை கதவைத் திறந்து நீயே பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் சுவரோரத்தைக் கேட்டது அதற்காகத்தான்.

போகட்டும். மூன்று வருடத்துக்குச் சம்மதம் என்று எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் இறங்கும் வண்டியிலேயே அதுவும் இறங்குகிறது.

இப்படிக்கு,
நான்

*

ஏப்ரல் 8

அன்புள்ள வானிலையாருக்கு,

உங்கள் கடிதத்தை வாசற்படியில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் குப்பை மேட்டுக்குப் போனேன்.

சொன்னால் ஆதாரம் கேட்பேன் என்கிறீர்கள். கேட்டிருப்பேன்தான். ஆனால் பிடுங்கியிருக்கவும் மாட்டேன்.

கிளறிப் பார்த்ததில் கொஞ்சம் கிடைத்தது. பாதி, பூண்டுத் தோல் மாதிரி காய்ந்து போயிருந்தது. மிச்சம் எங்கே புதைந்ததோ தெரியவில்லை. கிடைத்தவற்றைச் சுவரோரம் மறுபடி நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். இலை வருகிறது. இலை மட்டும்தான்.

குழாய்த் தண்ணீருக்குப் பூக்காது என்பதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நான் வேதியியல் நடத்துகிறவள். தண்ணீர் தண்ணீர்தான், எந்த வழியாக வந்தால் என்ன? வாளியில் பிடித்துக் குளிர வைத்து ஊற்றிப் பார்த்தேன். உயரத்திலிருந்து விழுவதில்தான் வித்தியாசமோ என்று ஸ்டூல் மேல் ஏறி நின்று பூவாளியால் ஊற்றினேன். டெய்லரக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "போன மாசம் பிடுங்கி எறிஞ்சீங்க, இந்த மாசம் ஸ்டூல் போட்டு ஏறிக் குளிப்பாட்டுறீங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே டீச்சர்?"

மூன்று வருடம் பற்றி: நீங்கள் கேட்டீர்கள். நான் பதில் சொன்ன விதம் சரியில்லை.

குழாயைச் சரிசெய்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
கீழே இருப்பவள்

*

மே 27

அன்புள்ள வானிலையாருக்கு,

அதற்குப் பிறகு சாமான் வண்டி வந்து வந்து போகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்றால் இருக்கட்டும். இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அறை திடீரென்று மஞ்சளானது. பிறகு சாம்பல் நிறம். எலுமிச்சை இலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் அடிப்பக்கத்தைக் காட்டின. அதற்குப் பின்னால் வந்ததை மழை என்று மட்டும் சொன்னால் போதாது. தகரக் கொட்டகை மேல் அது விழுந்த சத்தத்தில், நான் வாய்விட்டுப் பேசியது எனக்கே கேட்கவில்லை. பீர்க்கம் பந்தல் சாய்ந்துவிட்டது. கொல்லைக் கதவின் கொண்டி பிய்ந்துவிட்டது. அந்த ஓரிரு இடங்களில் முதல்முறையாக நம் வீடும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, காய்கறித் தோலைக் கொட்டக் குப்பை மேட்டுக்குப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மேடு முழுவதும் பூ. முட்டை ஓட்டுக்கு நடுவில், பிய்ந்த செருப்பின் வாருக்குள் நுழைந்து, உடைந்த வாளியின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு. நான் தேடிக் கிடைக்காத கிழங்குகள் எல்லாம் அங்கேதான் இருந்திருக்கின்றன. ஒன்று தலைகீழாக விழுந்திருக்கிறது. தண்டைக் கீழே விட்டு, வளைத்து, மறுபடி மேலே கொண்டுவந்து பூத்திருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். சுவரோரமும் பூத்திருந்தது. நான் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றியதும் தூக்கி எறிந்ததும் ஒரே காலையில், ஒரே உயரத்தில். என் வாளித் தண்ணீரை அவை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கையில் கிண்ணத்தோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. டெய்லரக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நிற்பதை நீங்கள் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், இதுங்கள எல்லாம் யாரு கூப்பிட்டா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மின்னலில் உண்டாகும் நைட்ரேட், சட்டென்று தணியும் மண்ணின் சூடு என்று என்னென்னவோ நாக்கு நுனி வரை வந்தது. காரணம் ஏதாவது கட்டாயம் இருக்கும். யாராவது கண்டுபிடித்தும் இருப்பார்கள். அன்று காலை எனக்கு அது தேவைப்படவில்லை. "யாரும் கூப்பிடலக்கா. தானா வந்துச்சு" என்றேன்.

கல்லூரிக்குப் போகவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, சாயங்காலம் இதழ்கள் மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்த்தது ஒரு குப்பை மேடு. நீங்கள் பார்த்தது ஒரு மலைச்சரிவு. அது எப்படி இருந்திருக்கும் என்று கண்ணை மூடிப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். அதை மாற்றச் சொல்லி எழுதவில்லை. எடுக்காத விடுப்பு எனக்கு நிறையச் சேர்ந்து கிடக்கிறது. ஜூன் நடுவில் சாமான் வண்டி மேலே ஏறும்போது நானும் ஏறுகிறேன். நீங்கள் கூப்பிடவில்லை. நானே வருகிறேன். எவ்வளவு நாள் என்பதை வந்த பிறகு நேரில் பேசுவோம், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

தோட்டத்தை டெய்லரக்கா பார்த்துக்கொள்வார். சுவரோரத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அங்கே ரொம்பக் குளிருமா? என்ன கொண்டுவரட்டும்?

உங்கள்,
கீழே இருப்பவள்

*

ஜூன் 6

அன்புள்ள புரொபசருக்கு,

உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பல தடவை பதில் எழுதிக் கிழித்தேன். கோபமாகத்தான் ஆரம்பிப்பேன். நீ ஸ்டூல் மேல் ஏறிப் பூவாளியோடு நிற்கும் இடம் வந்ததும் கோபம் போய்விடும். கோபம் இல்லாமல் உனக்கு எப்படி எழுதுவது என்பது எனக்கு மறந்து போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மழையை இங்கிருந்து நானும் பார்த்தேன். எனக்குக் கீழே மேகம் மலை மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவதுபோல் அதற்குள் மின்னல் நடமாடியது. இது கீழே யார் வீட்டில் போய் விழப்போகிறதோ என்று நினைத்தேன். நம் வீடு என்று தெரிந்திருந்தால் கையசைத்திருப்பேன்.

டிரைவரிடம் முன் இருக்கை சொல்லி வைத்திருக்கிறேன். கெட்டியான கம்பளி கொண்டுவா, காலுறையும். விடைத்தாள் வேண்டாம், மேகம் வந்து நனைத்துவிடும், மார்க்கெல்லாம் கரைந்துவிடும். இங்கே இருப்பது ஒரே நாற்காலி. இன்னொன்றுக்குக் கால் உடைந்து கிடந்தது. சமையல்காரரைச் சரிசெய்யச் சொன்னேன். "மேகத்துக்கா சார், அம்மாவுக்கா?" என்று கேட்டுவிட்டு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மழைக்கு நான் உத்தரவாதம் இல்லை. சரிவு முழுவதும் இப்போது வெறும் புல்தான். வண்டியிலிருந்து இறங்கியதும், "என்ன இது, இப்படிக் களை மண்டிக்கிடக்கிறது?" என்றுதான் கேட்பாய்.

கேள். பிடுங்கிவிடாதே.

உன்,
வானிலையார்