எட்டரை மணித்தியாலம்

வெள்ளவத்தை
4.2.1947

அன்புள்ள பாயிஸ் நானாவுக்கு,

ஸலாம். வாப்பாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. டொக்டர் ஒஸ்வால்ட் கையை விரித்துவிட்டார். நேற்றுக் கஞ்சி ஊட்டும்போது, "பாயிஸ்தான் என்னக் கபுறுல எறக்கோணும். வேற ஆளுட கை வாணாம்" என்றார்.

பம்பாயிலிருந்து ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று நீங்கள் வந்து சேர நாலு நாள். மய்யித்தை அடக்காமல் ஒரு நாளுக்கு மேல் வைக்க மாட்டார்கள் என்று தெரியும்தானே? எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதே புறப்பட்டால் என்ன?

தங்கை ஹபீலா

பம்பாய்
11.2.1947

அன்புத் தங்கச்சி,

எனக்குக் கிடைக்கும் பத்து நாள் லீவில் எட்டு நாள் வழியிலேயே போய்விடும். ஆகவே விமானத்தில் வருவேன். அட்லஸில் நூல் வைத்து அளந்தேன். மதராஸ் 640 மைல், அங்கிருந்து திருச்சி 190, திருச்சியிலிருந்து இரத்மலானை 280. மொத்தம் 1110. மணிக்கு 160 மைல் என்றால் ஏழு மணித்தியாலம். நடுவில் இரண்டு இடத்தில் இறங்கிப் பெற்றோல் நிரப்ப ஒன்றரை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் பின்னேரம் மூன்றுக்கு அங்கே. எதிர்க்காற்று அடித்தால் மூன்றே முக்கால்.

நேற்று மூன்று தடவை கூட்டினேன், இன்றும் ஒரு தடவை. இஞ்சின் இரண்டாம். ஒன்று நின்றாலும் மற்றது இழுக்குமாம், விசாரித்தேன். தந்தியைக் காட்டினால் இடம் தருவார்கள். அந்த நேரம் வந்ததும் நீ தந்தி அடி, போதும். உம்மாவிடம் விமானம் என்று சொல்லாதே, பயந்துவிடுவார்.

நானா பாயிஸ்

வெள்ளவத்தை
2.3.1947

நானா,

வாப்பா வியாழன் நாலு மணிக்கு மவுத்தானார். உடனே தந்தி அடித்தோம். 'காலை விமானத்தில் வருகிறேன்' என்று ஏழுக்கே உங்கள் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே அடக்க வேண்டும் என்று ஸஹாப்தீன் மாமா பிடிவாதமாக நின்றார். உங்கள் கடிதத்தை நான் எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். "கடதாசிக் கணக்கப் பாத்தா மய்யித்த வெக்கிற?" என்று கத்தினார். அவர் காலைப் பிடித்து அழுதேன். பின்னேரம் அஸர் தொழுகை வரை விட்டார்கள். ஐஸ் வைத்தோம்.

உங்கள் மச்சான் நிலாம் காரோடு இரத்மலானை விமான நிலையத்தில் நின்றார். விமானம் மூன்று ஐந்துக்கு இறங்கியது. பதினொரு பேர் வெளியே வந்தார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஐந்து மணிக்கு மாமாதான் வாப்பாவைக் கபுறில் இறக்கினார். உங்களுக்கு என்ன ஆனது? கணக்கில் எங்கே பிழை? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருப்பதாக ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஹபீலா

பம்பாய்
10.3.1947

தங்கச்சி,

உயிரோடுதான் இருக்கிறேன். கணக்கில் பிழை இல்லை.

ஐந்தரைக்கே விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். ஏணியில் நாலு படி ஏறினேன். இஞ்சின் சுழலத் தொடங்கியது. கால் வரவில்லை. பின்னால் நின்றவருக்கு வழி விட்டேன். அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் விட்டேன். ஏணியை எடுத்துவிட்டார்கள்.

பிறகு அங்கேயே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தந்தி அடிக்கவும் வெட்கம். இப்போது மதராஸ், இப்போது திருச்சி என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்கு, நிலாம் மச்சான் வாசலில் நிற்பார் என்று நினைத்தேன்.

உம்மாவிடம் இடம் கிடைக்கவில்லை என்று சொல். மாமாவிடமும் அப்படியே சொல். உன்னிடம் மட்டும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. வாப்பாவை எனக்காக அஸர் வரை வைத்திருந்தவள் நீ.

பாயிஸ்